‘ஆன் டேப்’னா என்ன? உங்க பணத்துக்குக் குழாய் இருக்கா?



பிசினஸ் நியூஸ் பார்க்கிற பழக்கம் இருந்தா ‘ஆன் டேப்’ என்கிற வார்த்தை உங்க காதில் விழுந்திருக்கும். 2016 ஆகஸ்ட் மாசம் ரிசர்வ் வங்கி, புது வங்கிகளுக்கு ‘ஆன் டேப்’ முறையில் லைசென்ஸ் தர்றதுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. 2020 அக்டோபரில், கொரோனா நெருக்கடி சமயத்துல, வங்கிகளுக்கு ‘ஆன் டேப்’ முறையில் 1 லட்சம் கோடி ரூபாய் வரைக்கும் நிதி தர்றதா அறிவிச்சது. ஆபீஸ்லயும் ‘எங்க கேன்டீன்ல காபி ஆன் டேப்’னு சொல்லிக் கேட்டிருப்பீங்க.

ரெண்டே வார்த்தைதான். ஆனா இது எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுக்கிட்டா, எமர்ஜென்சி ஃபண்ட் பத்தின பாடம் பாதி முடிஞ்ச மாதிரி. மீதிப் பாதிக்கு தர்மபுரி மாவட்டம் வரைக்கும், குறிப்பா வத்தல்மலை வரைக்கும் போயிட்டு வரலாம்.

முதல்ல அர்த்தம்

‘ஆன் டேப்’ என்றால், கேட்ட நேரத்தில், காத்திருக்காமல், வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் நிலையில் இருப்பது. தமிழ்ல ‘கைவசம் இருக்கு’ன்னு சொல்றதுக்குக் கிட்டத்தட்ட சமம். ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் உண்டு. ‘கைவசம்’ என்பது பொருள் உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுது. ‘ஆன் டேப்’ என்பது, திறந்தா உடனே வரும், போதும்னா மூடிக்கலாம், மறுபடியும் திறக்கலாம்னு சொல்லுது.

ரெண்டு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடலாம். பழைய பாட்டு கேட்ட ‘டேப்’ ரெக்கார்டர் வேற. இங்கிலீஷ்ல அதோட எழுத்தும் உச்சரிப்பும் வேற. கார்டை மெஷின்ல லேசா தட்டி பணம் கட்டுறோமே, அந்த ‘டேப்’ எழுத்துல ஒண்ணுதான். ஆனா வேர் வேற. அது ‘தட்டுவது’ என்கிற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம வார்த்தையில் வர்றது தண்ணிக் குழாய் ‘டேப்’.

பீப்பாயில் பிறந்த வார்த்தை

இந்தக் குழாய் முதல்ல தண்ணிக் குழாயா இருக்கல. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல், பீப்பாயின் ஓட்டையை அடைச்சு வைக்கிற மரமுளையைக் குறிச்சது. இங்கிலாந்தில் ‘ஏல்’ என்கிற பீர் வகையைப் பெரிய மரப் பீப்பாய்களில் அடைச்சு, கடையோட நிலவறையில் அடுக்கி வைப்பாங்க. முளை அடைச்சிருக்கிற வரைக்கும் அது வெறும் சரக்கு இருப்பு. முளையை எடுத்துட்டு குழாயைப் பொருத்தின பீப்பாயைத்தான் ‘ஆன் டேப்’னு சொன்னாங்க. குவளையை நீட்டினா ஊத்தித் தர தயாரா இருக்குன்னு அர்த்தம். இந்தப் பேச்சு 15ஆம் நூற்றாண்டிலேயே இருக்கு. பிறகு பீப்பாயை விட்டு வெளியே வந்து எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு.

ஒரு உறவையும் கவனிங்க. பீப்பாயிலிருந்து பிடிச்சுத் தர்ற பீரை ‘டிராஃப்ட்’ பீர்னு சொல்றாங்க. வங்கியில் நாம எடுக்கிற ‘டிமாண்ட் டிராஃப்ட்’ல வர்ற டிராஃப்டும் அதே சொல்தான். ரெண்டுக்கும் வேர், ‘இழுப்பது’, ‘எடுப்பது’. நாமளும் தண்ணி ‘எடுக்குறோம்’, பணம் ‘எடுக்குறோம்’. யோசனை ஒண்ணுதான்.

இந்தப் பீப்பாய்க் கதையில் நமக்கு வேண்டிய விஷயம் ரெண்டு இருக்கு:

1. கடையில் எத்தனை பீப்பாய் இருந்தாலும், குழாய் போட்ட பீப்பாயிலிருந்து மட்டும்தான் வாடிக்கையாளருக்கு ஊத்த முடியும்.
2. திறந்த பீப்பாய்க்குள் காத்து போகும். சில நாள்ல சரக்கு கெட்டுடும். அதனால எந்தக் கடைக்காரரும் எல்லாப் பீப்பாயையும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார். ஒண்ணு ரெண்டு திறந்திருக்கும், மத்தது மூடியிருக்கும்.

எமர்ஜென்சி ஃபண்டோட மொத்தத் தத்துவமும் இந்த ரெண்டு வரியில் அடங்கிடும்.

ஆறு இருந்தும் குழாய் இல்லாத ஊர்

‘இருக்கு’ன்றதுக்கும் ‘ஆன் டேப் இருக்கு’ன்றதுக்கும் எவ்வளவு தூரம்னு தர்மபுரிக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. காவிரி ஒகேனக்கல்ல அருவியா கொட்டுறது அந்த மாவட்டத்துலதான். ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல பல ஊர்கள் காலங்காலமா குடிச்சது போர்வெல் தண்ணி. அதுல ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு இருக்கு. அதைத் தாண்டின தண்ணிய வருஷக்கணக்கில் குடிச்சா பல்லில் கறை படியும். இன்னும் அதிகமானா எலும்பையே பாதிக்கும்.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோட, சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல தொடங்கி வைக்கப்பட்டது. அந்தப் பணம் எதுக்குப் போச்சுன்னு யோசிங்க. தண்ணிய யாரும் புதுசா உருவாக்கல. அது ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சுத்திகரிப்பு, பம்பு, குழாய், தொட்டி, அதாவது ஆத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற வழிக்குத்தான் அத்தனை கோடியும்.

நம்ம பணத்துக்கும் அதே கணக்குதான். சம்பாதிக்கிறது ஆறு. அவசரத்துக்குக் கையில் வந்து சேர்ற வழி, குழாய். நம்மில் நிறைய பேர் ஆத்தைப் பெருசாக்குறதைப் பத்தியே பேசுறோம், குழாயை மறந்துடுறோம்.

வத்தல்மலையின் சொத்து

இப்போ மலை ஏறலாம். தர்மபுரிக்குப் பக்கத்துல, கொண்டை ஊசி வளைவுகள் வழியா ஏறிப் போற மலைக்கிராமங்கள்தான் வத்தல்மலை. மலையாளி பழங்குடி மக்கள் வாழ்ற இடம். காபி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள் அங்கே உண்டு. சில்வர் ஓக் மரம் காபிச் செடிக்கு நிழல் தரும். மிளகுக் கொடி அதையே பிடிச்சு ஏறும். நல்லா பருத்த பிறகு தடியாகவும் விற்கலாம். ஒரே மரம் மூணு வேலை பார்க்கும்.

அப்படி ஒரு தோட்டம் சொத்தா இல்லையான்னு கேட்டா, சந்தேகமே இல்லாம சொத்துதான். ஆனா அது எப்போ காசாகும்? காபிப் பழம் பழுக்கிறது குளிர்காலத்தில். பறிச்சு, காயவெச்சு, விக்கணும். மிளகு அதையொட்டி வரும். மரம் பருக்க வருஷங்கள் ஆகும். செலவு மட்டும் மாசாமாசம் வரும். பள்ளிக்கூடச் செலவு ஜூன்ல வரும். உடம்பு சரியில்லாமப் போறதுக்கு சீசனே கிடையாது. கையில் ரொக்கம் இல்லாத மாசத்தில், வரப்போற விளைச்சலைக் காட்டி ஒரு விவசாயி முன்பணம் வாங்கினா, அறுவடை நாளில் விலை பேசுற பலம் அவர் கையை விட்டுப் போயிடும். சொத்து குறைஞ்சதால வந்த கஷ்டம் இல்ல இது. சொத்துக்குக் குழாய் இல்லாததால வந்தது.

மலைக்கு பஸ் வந்ததே சமீப வருஷங்கள்லதான். அதுக்கு முன்னாடி விளைஞ்சதைக் கீழே கொண்டு வந்து சேர்க்கிறதே பெரிய வேலை. ரோடும் ஒரு குழாய்தான்னு இதுல புரியும்.

‘நான் மாசச் சம்பளக்காரன், எனக்கு இது எதுக்கு?’னு நினைக்காதீங்க. அடுத்த கணக்கைப் பாருங்க.

சனிக்கிழமை ராத்திரி 11 மணி

உங்க வீடு வத்தல்மலையில் இருக்குன்னு வெச்சுக்கலாம். நீங்க ஓசூர்ல ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறீங்க. வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம். ஒழுங்கா சேமிக்கிற ஆள். உங்க கணக்கு இப்படி இருக்கு:

- பிஎஃப்: 1,10,000 ரூபாய்
- இஎல்எஸ்எஸ் ஃபண்ட்: 90,000 ரூபாய்
- 5 வருஷ வரி சேமிப்பு எஃப்டி: 1,00,000 ரூபாய்
- பங்குகள்: 60,000 ரூபாய்
- சேமிப்புக் கணக்கு: 6,500 ரூபாய்

மொத்தம் 3,66,500 ரூபாய். பாராட்ட வேண்டிய தொகை.

சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு போன் வருது. அப்பா வழுக்கி விழுந்துட்டார். வண்டி பிடிச்சுக் கீழே கூட்டிட்டு வந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்காங்க. முன்பணம் 40,000 ரூபாய் கட்டச் சொல்றாங்க.

பிஎஃப் பணத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கணும். இஎல்எஸ்எஸ்ல நீங்க போட்ட ஒவ்வொரு தவணைக்கும் அந்தத் தேதியிலிருந்து 3 வருஷ லாக்-இன் தனித்தனியா உண்டு. வரி சேமிப்பு எஃப்டியை 5 வருஷம் முடியுற வரைக்கும் உடைக்கவே முடியாது. பங்கை விக்கலாம்னா மார்க்கெட் திங்கட்கிழமைதான் திறக்கும். வித்த மறு வேலைநாள்தான் கணக்கு தீரும். அதுக்குப் பிறகுதான் உங்க பேங்க்குக்கு மாத்த முடியும். ஆக, அந்த ராத்திரி ‘ஆன் டேப்’ இருக்கிறது 6,500 ரூபாய் மட்டும்.

மூணரை லட்சத்துக்கு மேல வெச்சிருக்கிற ஒருத்தர், 33,500 ரூபாய்க்கு யார்கிட்டயோ கை நீட்டணும். நிலவறை நிறைய பீப்பாய், ஒண்ணுலகூட குழாய் இல்ல.

கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் அப்பா பேர் இருந்தாலும், கேஷ்லெஸ் ஒப்புதல் வர்ற வரைக்கும் முன்பணம் கேட்கிற இடங்கள் உண்டு. காப்பீடு கட்டாயம் வேணும். ஆனா முதல் சில மணி நேரத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

குழாயைச் சோதிக்கும் மூணு கேள்வி

உங்க ஒவ்வொரு முதலீட்டையும் இந்த மூணு கேள்வி கேளுங்க.

*1. திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?*

சேமிப்புக் கணக்கு: உடனே. யுபிஐ, ஐஎம்பிஎஸ் எப்பவும் வேலை செய்யும். என்இஎஃப்டி 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் இயங்குது. யுபிஐயில் பொதுவா ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு. ஆஸ்பத்திரிக்கும் கல்வி நிறுவனத்துக்கும் கட்டும்போது 5 லட்சம் வரைக்கும் அனுமதி உண்டு. உங்க பேங்க் இதைவிடக் குறைவா வெச்சிருக்கலாம், ஆப்ல பார்த்துக்கங்க.

ஆன்லைன்ல போட்ட சாதாரண எஃப்டி: பெரும்பாலும் ஆப்லயே உடைக்கலாம். கிளையில் நேரா போய் போட்டதுன்னா மறுபடி கிளைக்கே போக வேண்டியிருக்கலாம்.

லிக்விட் ஃபண்ட்: வழக்கமா அடுத்த வேலைநாள். சில ஃபண்டுகளில் உடனடியா எடுக்கிற வசதி உண்டு. 50,000 ரூபாய் அல்லது உங்க முதலீட்டில் 90%, இதில் எது குறைவோ அது.

நிலம், வீடு: ஆள் கிடைக்கிற வரைக்கும்.

*2. திறக்க எது எது வேலை செய்யணும், யார் யார் வேணும்?*

செல்போன் சிக்னல் இல்லாத வளைவில் நின்னா யுபிஐ வெறும் படம்தான். அதனால கொஞ்சம் ரொக்கமும் ஏடிஎம் கார்டும் வேணும். புது போன் மாத்தின அன்னைக்கு யுபிஐ வரம்பை முதல் 24 மணி நேரத்துக்குக் குறைச்சு வைப்பாங்க என்பதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

இதைவிட முக்கியமான ஒண்ணு: ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறது நீங்களா இருந்தா? நாமினி போட்டிருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. நாமினிக்கு உரிமை வர்றது உங்க காலத்துக்குப் பிறகுதான். நீங்க ஐசியுவில் இருக்கும்போது நாமினியால ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ‘ரெண்டு பேரில் யார் வேணும்னாலும் இயக்கலாம்’ என்கிற ஜாயின்ட் கணக்குன்னா இன்னொருத்தரால எடுக்க முடியும். எமர்ஜென்சி பணம் இருக்கிற கணக்கை அம்மா, அப்பா, மனைவி, கணவர்னு நம்பிக்கையான ஒருத்தரோட சேர்த்து ஜாயின்ட்டா வெச்சா, குழாய்க்கு ரெண்டாவது கைப்பிடி கிடைக்கும்.

*3. திறந்தா எவ்வளவு சிந்தும்?*

எஃப்டியை முன்கூட்டியே உடைச்சா, வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ குறைப்பாங்க. தாங்கிக்கலாம். மார்க்கெட் 20% விழுந்த வாரத்தில் பங்கை வித்தா சிந்துறது அதிகம். நகையை அவசரமா வித்தா செய்கூலி, சேதாரம் திரும்ப வராது.

எச்சரிக்கை: உள்ளே போக மட்டும் ‘ஆன் டேப்’

இந்த வார்த்தையை நிதி ஆவணங்களில் பார்த்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. மத்திய அரசோட மிதக்கும் வட்டி சேமிப்புப் பத்திரம் 2020 ஜூலை 1லிருந்து ‘ஆன் டேப்’ முறையில் விற்பனைக்கு இருக்கு. ‘ஆஹா, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம் போல’ன்னு நினைச்சா தப்பு. எப்ப வேணும்னாலும் *வாங்கலாம்* என்பதுதான் அங்கே அர்த்தம். முதிர்வுக் காலம் 7 வருஷம். முன்கூட்டியே எடுக்கிற சலுகை மூத்த குடிமக்களுக்கு மட்டும்தான், அதுவும் நிபந்தனையோட. நல்ல பத்திரம்தான், ஆனா உங்க எமர்ஜென்சி பணத்துக்கு ஏத்த இடம் இல்ல.

வங்கி லைசென்ஸ் ‘ஆன் டேப்’னு சொன்னதும் இப்படித்தான். எப்ப வேணும்னாலும் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். குழாய் யார் பக்கம் திறக்குதுன்னு பாருங்க.

கிரெடிட் கார்டும், ஆப் கடனும் ‘ஆன் டேப்’தான். ஆனா அது அடுத்தவர் வீட்டுக் குழாய். மீட்டர் ஓடும்.

திறந்த பீப்பாய் கெடும்: அதோட விலை

‘அப்போ எல்லாப் பணத்தையும் சேமிப்புக் கணக்குலயே வெச்சுடலாமா?’ வேண்டாம். பீப்பாய்க்குள் போற காத்து மாதிரி, சும்மா கிடக்கிற பணத்தை விலைவாசி தின்னும்.

ஒரு கணக்கு. சேமிப்புக் கணக்கு வட்டி 3%, எஃப்டி வட்டி 6.5% என்று வெச்சுக்கலாம். 40,000 ரூபாயை எஃப்டியில் போடாம சேமிப்புக் கணக்குல வெச்சிருந்தா, உங்களுக்கு இழப்பு 3.5%, அதாவது *வருஷத்துக்கு* 1,400 ரூபாய்.

அதே 40,000 ரூபாயை கிரெடிட் கார்டுல ரொக்கமா எடுத்தா? வட்டி மாசம் 3.5% என்று வெச்சுக்கலாம். *மாசத்துக்கு* 1,400 ரூபாய். எடுத்த அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். பொருள் வாங்கும்போது கிடைக்கிற வட்டியில்லா நாட்கள் இதுக்குக் கிடையாது. எடுத்ததுக்குத் தனிக் கட்டணம், அதுக்கு மேல ஜிஎஸ்டி.

வருஷத்துக்கு 1,400 ரூபாய் என்பது குழாய்க்கு நீங்க கட்டுற வாடகை. கட்டிடுங்க. ஆனா 1,20,000 ரூபாயையும் அப்படியே போட்டு வெச்சா அந்த வாடகை வருஷத்துக்கு 4,200 ரூபாய் ஆகும். அது தேவையில்ல.

உங்க மூணு பீப்பாய்

மாசம் தவிர்க்கவே முடியாத செலவு 20,000 ரூபாய்னா, 6 மாசத்துக்கு 1,20,000 ரூபாய். அதை இப்படிப் பிரிக்கலாம்:

- திறந்த பீப்பாய், 40,000 ரூபாய்: சம்பளக் கணக்கு இல்லாத வேறொரு சேமிப்புக் கணக்கு, முடிஞ்சா ஜாயின்ட். இதுக்கு வெளியே வீட்டில் ரெண்டாயிரம், மூவாயிரம் ரொக்கம்.
- பாதி திறந்த பீப்பாய், 50,000 ரூபாய்: ஆன்லைன்ல உடைக்கக் கூடிய எஃப்டி. ஒரே எஃப்டியா போடாம 10,000 ரூபாயா அஞ்சு போடுங்க. தேவைப்பட்டதை மட்டும் உடைக்கலாம். மத்தது வட்டி இழக்காது.
- மூடின பீப்பாய், 30,000 ரூபாய்: லிக்விட் ஃபண்ட். ஒண்ணு ரெண்டு வேலைநாள் காத்திருக்கக் கூடிய செலவுக்கு.

குடும்பம் உங்களை நம்பி இருக்கு, ஊரும் தூரமா இருக்குன்னா, திறந்த பீப்பாயைக் கொஞ்சம் பெருசா வெச்சுக்கங்க. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் இஎல்எஸ்எஸ், பங்கு, பிபிஎஃப்னு நீண்ட காலத்துக்குப் போகட்டும். சில்வர் ஓக் வளர்ற மாதிரி வளரட்டும், நடுவுல வெட்ட வேண்டி வராது.

இன்னொரு விஷயம். புதிய வருமான வரி முறையில் இருக்கிறவங்களுக்கு 80சி கழிவு கிடையாது. அப்படியிருக்க, வரி மிச்சம்னு நினைச்சு 5 வருஷ வரி சேமிப்பு எஃப்டியில் பணத்தைப் பூட்டுறதில் எந்த லாபமும் இல்ல. நீங்க எந்த முறையில் இருக்கீங்கன்னு முதல்ல உங்க எச்ஆர்கிட்ட கேட்டுடுங்க.

இந்த வார வேலை

ஒரு பேப்பர் எடுங்க. இடது பக்கம் உங்க பணம் எங்கெல்லாம் இருக்குன்னு எழுதுங்க. வலது பக்கம் மூணு கட்டம் போடுங்க: ‘இன்னைக்கு ராத்திரி’, ‘ரெண்டு மூணு நாள்ல’, ‘மாசங்கள் கழிச்சு’. ஒவ்வொரு தொகையையும் அதுக்குரிய கட்டத்தில் எழுதிக் கூட்டுங்க.

‘இன்னைக்கு ராத்திரி’ கட்டத்தில் ஒரு மாசச் செலவுகூட இல்லன்னா, அடுத்த ரெண்டு மாசத்துக்குப் புது எஸ்ஐபி எதுவும் ஆரம்பிக்காதீங்க. முதல்ல அந்தக் கட்டத்தை நிரப்புங்க. நிரப்பின பிறகு, அந்தக் கணக்கு எந்த பேங்க்ல இருக்கு, யார் எடுக்கலாம்னு வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க. குழாய் எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதாது.